முதல் காய் எனக்கு

என் விஞ்ஞானக் கதையில் விண்கலத்து ஆட்கள் ஒரு பலகை ஆட்டம் ஆடுவார்கள். காதுகுத்து விருந்தில், சொந்தபந்தமெல்லாம் கேட்க, என் கொழுந்தனார் சிரித்தார்: "அண்ணி, அதை நெசத்துல ஆட முடியாதுங்க. சும்மா கதை அளக்கறீங்க!"

கறுவிக்கொண்டே வீடு வந்தேன்.

அட்டைப்பெட்டியை வெட்டிக் கட்டம் போட்டேன். சட்டைப் பொத்தான்கள்தான் விண்கலங்கள். தனியாக ஆடிப் பார்த்தால், முதல் காய் நகர்த்துகிறவரே ஒவ்வொரு முறையும் ஜெயித்தார். கொழுந்தனார் சொன்னது சரி. அது ஆட்டமே இல்லை.

இருந்தும் அவரை அழைத்தேன். "மூத்தவ நானு. மொதக் காய் எனக்குத்தானே தம்பி?"

"ஆமாங்க அண்ணி, நீங்களே நகத்துங்க."

தோற்றார். இப்போது ஞாயிறுதோறும் சங்ககிரியிலிருந்து வந்து தோற்கிறார். "அண்ணி ஆட்டம் அருமைங்க" என்று ஊரெல்லாம் சொல்கிறார்.

உண்மையை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். சொல்ல மாட்டேன். மரியாதை தெரிந்த மனிதர்; வருகிற ஞாயிறும் முதல் காயை எனக்கே விடுவார்.