ரொட்டி அலமாரியில் ஒரு ஸ்கோப்

அமெரிக்காவின் டுலூத் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்லிஸ் ஹாகனைப் பற்றி யாரைக் கேட்டாலும், இருக்கைக்கு அடியில் கிடக்கும் ஒற்றைக் கையுறையைக்கூட உரிய பிள்ளையிடம் சேர்க்காமல் விடமாட்டாள் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர் கெடாமலே ஐம்பத்தெட்டு வயதை எட்டிவிட்டாள். அதன்பிறகுதான் அவளுக்கு மின்னணுப் பித்துப் பிடித்தது.

பனிக்காலத்தில் பிள்ளைகள் தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு ஏறுவார்கள். யார் ஏறினார், யார் இறங்கினார் என்று கணக்கு வைப்பது பெரும்பாடு. ஒரு தலைக்கு ஒருமுறை பொத்தானை அழுத்தினால் எண் ஒன்று கூடும்படியாக ஒரு சிறு பெட்டியை மார்லிஸ் தானே செய்து பார்த்தாள். ஒருமுறை அழுத்தினால் அந்தப் பெட்டி மூன்று என்றது. இன்னொருமுறை அழுத்தினால் எட்டுக்குத் தாவியது. கோளாற்றைக் கண்டறிய ஆசிலோஸ்கோப் வேண்டும். கம்பியில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி அது.

லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில் கூடும் வானொலி ஆர்வலர் சங்கத்தில், ஜனவரிக் கூட்டத்தின்போது அவள் வாயைத் திறந்தாள்.

"முதல் ஸ்கோப்பு வாங்கணும். கையைக் கடிக்காம எது வாங்கலாம்?"

அவ்வளவுதான், ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

"ரெண்டு கம்பிய ஒண்ணாப் பாக்கற மாதிரி ரெண்டு வழி இருக்கறதா பாத்து வாங்கு. ஒரு வழி மட்டும் இருந்தா, ஒத்தக் கண்ணால பஸ் ஓட்டற மாதிரி," என்றார் கூரை வேலை செய்யும் டெல்மர்.

"நூறு மெகாஹெர்ட்ஸ் வேகமாவது வேணும்," என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

"தலை எண்ணுற பொத்தானுக்கு நூறு எதுக்குய்யா? அம்பதே எக்கச்சக்கம்!"

"டெல்மர், உன்கிட்ட ஸ்கோப்பே கிடையாது. நீ எதுக்கு இந்தச் சண்டைல?"

"இல்லாதவனுக்குத்தான்யா எது வேணும்னு தெரியும்!"

சிரிப்பு அடங்கியதும் ரெய்னோ லாட்டி எழுந்தார். கனிமம் ஏற்றும் துறைமுகத்தில் மின்பணி செய்து ஓய்வு பெற்றவர். மார்லிஸுடன் ஒரே வகுப்பில் படித்தவர். "யாரும் எதுவும் வாங்க வேணாம். நம்ம சங்கத்துல முதல் ஸ்கோப்ப யாராவது கடைல வாங்கியிருக்காங்களா? என்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணச் சரிபண்ணி மார்லிஸுக்குத் தர்றேன்."

சங்கத்து வழக்கம் அது. இரண்டு வைத்திருப்பவர் ஒன்றைப் புதியவருக்குக் கொடுப்பார். பெற்றவர் பிற்காலத்தில் இன்னொருவருக்குக் கொடுப்பார். அந்த ஸ்கோப்பை டெல்மரும் கேட்டு வைத்திருந்தார். "உனக்கு அடுத்த தடவ," என்று ரெய்னோ அவரை நிறுத்திவைத்தார்.

ரெய்னோ எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். மின்தேக்கிகளை ஒவ்வொன்றாக மாற்றினார். குமிழ்களைக் கழற்றிப் பல்துலக்கியால் தேய்த்தார். பனி உருகத் தொடங்கியும் ஸ்கோப் வந்து சேரவில்லை. மார்லிஸுக்குப் பொறுமை போயிற்று. ஒரு நண்பகலில், பேருந்தை நிறுத்திவிட்டு அமர்ந்திருந்தபோது, ரொட்டிப் பொட்டலம் அளவேயான புதிய டிஜிட்டல் ஸ்கோப் ஒன்றைக் கைபேசியில் வாங்கிவிட்டாள். அது வந்த அன்றே பொத்தானை அழுத்திப் பார்த்தாள். அலை திரையில் அப்படியே உறைந்து நின்றது. அழுத்தியது ஒருமுறைதான், உள்ளிருந்த தகடுகளோ ஓய்வதற்கு முன் பலமுறை துள்ளியிருந்தன. ஒவ்வொரு துள்ளலையும் பெட்டி ஒரு பிள்ளையாக எண்ணியிருக்கிறது! மார்லிஸ் தனியாக இருந்தும் வாய்விட்டுச் சிரித்தாள்.

அதே வாரம் ரெய்னோவின் வண்டி வாசலில் வந்து நின்றது. மார்லிஸ் புதிய ஸ்கோப்பை ரொட்டி அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஏன் சாத்தினோம் என்பது அவளுக்கே விளங்கவில்லை. ரெய்னோ மூச்சு வாங்கப் பழைய ஸ்கோப்பைச் சமையலறை மேசையில் இறக்கினார். அதன் கைப்பிடியில், பள்ளிப் பேருந்தின் மஞ்சள் நிறத்தில், அவள் பெயரை எழுதியிருந்தார். அதைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நாளை வரவேயில்லை. பழைய ஸ்கோப்பின்மேல் மேசைவிரிப்பைப் போர்த்தி வைத்தாள். அதன் எதிரே அமர்ந்து காப்பி குடிப்பதுகூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில்தான் அவள் அகப்பட்டாள். தான் கண்டதை உற்சாகமாகக் கரும்பலகையில் வரைந்து, துள்ளல் ஒவ்வொன்றையும் சுட்டி விளக்கினாள். கைதட்டினார்கள். டெல்மர் மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அது சரி, ரெய்னோவோட பழைய பொட்டியில இத எப்படி நிறுத்திப் பாத்தே? அதுல கோடு வந்த வேகத்துல மறைஞ்சிடுமே?"

அவர் கேட்டது நியாயமே. பழைய படக்குழாய்த் திரைக்கு அலையை நினைவில் வைத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. மார்லிஸின் காது மடல்கள் சூடேறின.

"விளக்க அணைச்சுட்டு... போன் கேமராவ ரொம்ப நேரம் திறந்து வெச்சுப் பிடிச்சேன்."

ரெய்னோ தொடையில் அறைந்துகொண்டார். "கேட்டீங்களாய்யா! இத்தன வருஷம் வெச்சிருந்தும் எனக்கு ஒரு தடவகூடச் சிக்கல. இவ கைக்கு வந்த மாசமே பிடிச்சுட்டா! சனிக்கிழமை வர்றேன் மார்லிஸ், எனக்கும் காட்டு."

பொய்யை மெய்யாக்கிவிட முடியாதா என்று வெள்ளிக்கிழமை மாலை முழுவதும் அவள் முயன்றாள். சன்னல்களில் போர்வையை மாட்டினாள்; கைபேசியைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வைத்தாள். படத்தில் பச்சைக் கறை ஒன்றுதான் விழுந்தது.

சனிக்கிழமை காலையில், தானே சுட்ட ஏலக்காய் ரொட்டியுடன் ரெய்னோ வந்தார்.

"காலை வட்டத்துக்கு ஏன் ரெண்டு நாளா வரல நீ? உன் வித்தையை நான் சொன்னாலும் சொன்னேன், பாதிப் பேரு குளியலறைல விளக்க அணைச்சுட்டு உக்காந்திருக்கானுங்க. ஒருத்தனுக்கும் வரல. ரகசியம் என்னன்னு கேட்டுட்டு வான்னு என்னை அனுப்பிருக்கானுங்க!"

காலை வட்டம் என்பது, சங்கத்தார் தத்தம் வீட்டு வானொலியில் நாள்தோறும் முறைவைத்துப் பேசிக்கொள்வது. அவர்கள் அனைவரையும் தன் சொல் இருட்டில் உட்கார வைத்திருக்கிறது. ரெய்னோ ரொட்டியை வைக்க அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"அதத் திறக்காதே, ரெய்னோ. நானே திறக்கறேன்."

திறந்தாள். புதிய ஸ்கோப்பை எடுத்து மேசையில் வைத்தாள். வாங்கியதையும் மறைத்ததையும் கதை கட்டியதையும் நின்றபடியே சொல்லி முடித்தாள். ரெய்னோ அமர்ந்து, பொத்தானை ஒருமுறை அழுத்தி, உறைந்த அலையை நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "புதுசு வாங்கினது தப்பே இல்ல. அன்னிக்கே சொல்லியிருந்தா திட்டிட்டு, டெல்மர்கிட்ட பழசக் கொடுத்திருப்பேன். என் ஸ்கோப்பு செய்யாதத செஞ்சுதுன்னு என்னையே ஊரெல்லாம் சொல்ல வெச்சுட்டியே."

"பழசையும் நானே வெச்சுக்கறேன். தினமும் போட்டு வேலை பாக்கறேன். நெஜமா."

"எதுக்கு, பாவமன்னிப்புக்கா? அது சிலுவை இல்ல மார்லிஸ், ஸ்கோப்பு."

காப்பி வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். ஏலக்காய் மணம் நாள்முழுதும் வீட்டை நிறைத்தது. அந்த ரொட்டியை வெட்ட அவளுக்குக் கை வரவில்லை.

ஞாயிறு காலை வட்டத்தில் அவள் முறை வந்தது. எல்லோரிடமும் உண்மையைச் சொல் என்று ரெய்னோ கேட்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஒலிவாங்கியை அழுத்தினாள்.

"மார்லிஸ் பேசறேன். விளக்க அணைச்சுப் பிடிச்சேன்னு சொன்னது பொய். புது ஸ்கோப்பு ஒண்ண ரகசியமா வாங்கி, அதுலதான் பாத்தேன். ரெய்னோவுக்கு எதுவும் தெரியாது. உங்களையெல்லாம் இருட்டுல உக்கார வெச்சதுக்கு மன்னிச்சுக்குங்க."

கையை எடுத்தாள்.

"யம்மா தாயே!" என்று வெடித்தது டெல்மரின் குரல். "எதிர்வீட்டுக்காரன்கிட்டக் கெஞ்சி ஒரு ஸ்கோப்ப வாங்கிட்டு, குளியல் தொட்டிக்குள்ள முட்டி மடக்கி உக்காந்திருந்தேன். இன்னும் இடுப்பு நிமிரல!"

யாரோ சிரித்தார்கள். மார்லிஸ் சிரிக்கவில்லை. சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று நம்பியிருந்தாள், ஆகவில்லை. ரெய்னோவின் முறைக்காகக் காத்திருந்தாள்.

"ரெய்னோ பேசறேன். எல்லாத்தையும் கேட்டேன். அந்தப் பழைய ஸ்கோப்பு இன்னிக்கே டெல்மர் வீட்டுக்குப் போகணும். ஒரு பக்கம் நான் பிடிக்கறேன். இன்னொரு பக்கம் மார்லிஸ் பிடிக்கட்டும். அவ்வளவுதான்."

அவர் குரலில் பழைய குழைவு இல்லை. ஆனாலும் வேறு ஆளை அழைக்காமல் அவளைத்தான் அழைத்திருக்கிறார்.

"பிடிக்கறேன்," என்றாள் மார்லிஸ். பிறகு மண்ணெண்ணெயும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு, கைப்பிடியிலிருந்த தன் பெயரைத் துடைக்க உட்கார்ந்தாள்.