அழுகாத தக்காளி

எங்கள் வீட்டில் தண்ணீருக்கு இரண்டு சட்டம் நடந்தது. மொட்டைமாடியில் செடிகளுக்கு வயிறு நிறைய ஊற்ற வேண்டும். செடிப் பையின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக வெளியே வரும்வரை கையை நிறுத்தக் கூடாது. கீழே என் வீட்டுக்காரர் அளந்துதான் குடிக்க வேண்டும். காலையில் ஒரு பாட்டிலை நிரப்பி மேசைமேல் வைத்துவிடுவேன். காப்பி, ரசம், மாத்திரைக்கு ஒரு மிடறு எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். இரண்டு சட்டத்துக்கும் நான்தான் போலீஸ். எனக்கு இயல்பாகவே வாய் கொஞ்சம் நீளம் என்பதால் அந்த வேலை பொருந்தித்தான் போனது.

கோயமுத்தூரில் நாங்கள் இருப்பது வாடகை வீடு. மாடியில் மண் கொட்டினால் தளம் ஒழுகும், செடி வைப்பதானால் மண் இல்லாமல் வையுங்கள் என்று வீட்டுச் சொந்தக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் தேங்காய் நார்த்தூள். என் கணவரின் அண்ணனுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. அவர் தோப்புக்குப் பக்கத்தில், தேங்காய் நார் பிரிக்கிற மஞ்சி மில்லில் செங்கல் மாதிரி அழுத்திய நார்த்தூள் கட்டிகளை வாங்கிக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். தண்ணீர் ஊற்றினால் பொசபொசவென்று பொங்கி ஒரு பையே நிறைந்துவிடும். பார்க்கப் பொன்னான மண் போல இருக்கும். உள்ளே செடிக்குச் சாப்பாடு என்று ஒன்றுமே கிடையாது.

அதுதான் அதில் உள்ள சிக்கல். மண் என்றால் நாம் ஒரு வாரம் மறந்தாலும் அது எதையாவது கொடுத்துச் செடியைக் காப்பாற்றிவிடும். நார்த்தூள் அப்படியில்லை. ஊற்றுகிற ஒவ்வொரு தண்ணீரிலும் சத்தைக் கரைத்தே ஊற்ற வேண்டும். போதாததற்கு, தேங்காய் மட்டையில் இருந்த உப்பும் பொட்டாசியமும் தூளிலும் இருக்கும். கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, வடித்து, அலசி, அந்த உப்பை முதலில் வெளியேற்ற வேண்டும். இல்லையென்றால் பொட்டாசியம் மிஞ்சிப்போய், செடியால் கால்சியத்தை இழுக்க முடியாமல் ஆகிவிடும். தக்காளியில் அது உடனே தெரியும். காய் மேலே பளபளவென்று இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கறுத்து, அமுங்கி, அழுகியிருக்கும்.

இதெல்லாம் நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டது. சத்தைக் கரைப்பது என் வேலை, ஊற்றுவது அவர் வேலை என்று பிரித்துக்கொண்டோம். அளவு விஷயத்தில் அவரை நம்ப முடியாது. ஒரு மூடி என்றால் இரண்டு மூடி போடுகிற கை. குடிதண்ணீரின் உப்பைப் பார்க்க வாங்கிய டிடிஎஸ் மீட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. பைக்கு அடியில் வைத்த தட்டில் வடிந்த தண்ணீரில் அதை முக்கிப் பார்ப்பேன். எண் ஏறியிருந்தால் பைக்குள் உப்பு சேர்கிறது என்று அர்த்தம்.

அவருக்குக் காலில் வீக்கம் வந்தது அந்த வருடக் கார்த்திகையில். பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததால் என்றார், செருப்பு சரியில்லை என்றார். சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனேன். சிறுநீரகம் பெரும்பாலும் போய்விட்டது, இருப்பதைக் காப்பாற்றி டயாலிசிஸ் மெஷினுக்குப் போகாமல் எவ்வளவு நாள் தள்ளுகிறோமோ அவ்வளவுக்கு லாபம் என்றார் டாக்டரம்மா. தண்ணீருக்கு அளவு சொன்னார். உப்பைக் குறைக்கச் சொன்னார். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, இளநீர் ஒரு சொட்டுக்கூட ஆகாது என்றார். அதிலிருக்கும் பொட்டாசியத்தை இவர் உடம்பால் வெளியே தள்ள முடியாது, ரத்தத்தில் ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்று விளக்கினார். எனக்கு மாடியில் நான் அலசி ஊற்றிய தண்ணீர் ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகமாட்டார்கள். தோப்பு வைத்திருக்கிறவர்கள் வேறு எதைக் கொண்டுவருவார்கள்? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணன் ஒரு முழு இளநீர்க் குலையோடு வந்து நின்றார். நான் வாசலிலேயே மறித்து டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருப்பேன்.

"ஊருல இருக்கற நோயாளியெல்லாம் குடிக்கறான். என்ற தம்பிக்கு மட்டும் ஆகாதுங்களா அம்மணி?" என்றார்.

குலையை வாசலிலேயே வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். பிறகு சில வாரம் வரவில்லை, போனும் இல்லை. என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். தகப்பன் இல்லாத வீட்டில் அண்ணன்தான் இவரைப் படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, கல்யாணமும் செய்துவைத்தவர். அவர் பேச்சுக்கு இவர் ஒரு நாளும் மறுபேச்சுப் பேசியதில்லை. கடைசியில் இவரே போன் செய்து, டாக்டர் இப்போது குடிக்கலாம் என்று சொல்லிவிட்டதாகப் புளுகி அண்ணனை வரவழைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"நான் குடிக்க மாட்டேன் புள்ள. அவரு மனசு நோகாம இருந்தாப் போதும். மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஞாயிறுதோறும் குலை வந்தது. அதை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்துக்கொண்டார். தினமும் காலையில் செடிக்கு ஊற்றப் போகும்போது அரிவாளும் கூடப் போனது. கீழே சமையலறையில் நின்றால் மேலே வெட்டுகிற சத்தம் கேட்கும். பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அடுப்பில் என்ன இருக்கிறது என்பதுகூட எனக்கு மறந்துபோகும். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், பார்த்துக்கொள்கிறேன் என்றேனே என்பார். மாடி மூலையில் வெறும் இளநீர்க் கூடுகள் சேர்ந்துகொண்டே போயின.

அப்போதுதான் செடிகள் கெடத் தொடங்கின. இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. பைகளைச் சுற்றி எறும்பு சாரை சாரையாக ஏறியது. புளித்த வாடை வேறு. சத்தை நான்தான் தப்பாகக் கரைத்துவிட்டேனோ என்று மீட்டரை முக்கினால், வழக்கமாகக் காட்டுவதைப் போல இரண்டு மடங்கு காட்டியது. ஒரு தக்காளியைப் பறித்துத் திருப்பினேன். அடி கறுப்பு. இன்னொன்று, அதுவும் கறுப்பு. கொடியில் இருந்த அத்தனையும் அப்படித்தான்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை இல்லாத தண்ணீருக்கு எறும்பு வராது. பொட்டாசியம் மிஞ்சாமல் இப்படி அழுகாது. இளநீரை அவர் குடிக்கவில்லை, செடிக்கு ஊற்றியிருக்கிறார். அழுகல் தக்காளியை மடியில் போட்டுக்கொண்டு அப்படி ஒரு அழுகை அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அந்த வருடத்தில் வேறு எதிலும் கிடைக்கவில்லை.

கீழே வந்து கேட்டேன். திருடனைப் போலச் சிரித்தார்.

"அண்ணன் கொண்டாந்தத சாக்கடையில ஊத்தச் சொல்றியா? செடியாச்சும் குடிக்கட்டும்" என்றார்.

சரி, ஊற்றுங்கள் என்று விட்டுவிட்டேன். மீட்டர், தக்காளியின் அடி இவற்றைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. செடி கெட்டுக்கொண்டிருக்கிறவரைக்கும் அவர் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்த ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அன்றிலிருந்து தினமும் மாடி ஏறி, எறும்பு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இருந்தால் நிம்மதியாக இறங்கி வந்து தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். இவ்வளவு பாடுபட்டு வளர்த்த செடி சாவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பைத்தியம் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சித்திரை வந்தது. அந்த வெயிலில் நார்த்தூளில் காலையில் ஊற்றியது மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஊற்ற வேண்டும். காயவிட்டால் உள்ளே இருக்கிற உப்பு இன்னும் கெட்டிப்பட்டு வேரைச் சுட்டுவிடும். செடிக்கு அளவைக் கூட்டினேன். அவருக்கு டாக்டரம்மா அளவைக் குறைத்தார். உதடு வெடித்துப்போய், பேசும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டும். ஒரு ஐஸ்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். எனக்கே அவர் முன்னால் டம்ளரைத் தூக்கக் கூச்சமாக இருக்கும். அடுப்படியில் திரும்பி நின்றுதான் குடிப்பேன்.

அந்தச் சமயம் பார்த்து என் முழங்கால் வீங்கிக்கொண்டது. படி ஏறக் கூடாது என்று கட்டிலில் போட்டுவிட்டார்கள். சத்தைக் கீழேயே கரைத்துக் கேனில் கொடுப்பேன், அவர் தூக்கிக்கொண்டு மேலே போவார். வெட்டுகிற சத்தம் கேட்கும். பிறகு சத்தமில்லாத அந்தக் கொஞ்ச நேரம். செடி எப்படி இருக்கிறது என்று கேட்பேன், இருக்கிறது என்பார். எறும்புக்குப் பொடி ஏதாவது வாங்கிவரச் சொல்லட்டுமா என்று நைசாகக் கேட்டேன். வேண்டாம் என்றார். வாயில்லா ஜீவனைக் கொல்ல மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்திருந்தது. எரிந்து விழுவது குறைந்திருந்தது. வெயிலுக்குப் பழகிவிட்டார் என்று நானாகவே சமாதானம் செய்துகொண்டேன். உடம்பு பலவீனமாக இருக்கிறது, கால் மரத்த மாதிரி இருக்கிறது என்று இரண்டொரு நாள் சொன்னார். அடுத்த வாரம் டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டிய நாள்தான், கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் மாடியிலிருந்து படிக்குப் படி நின்று மெதுவாக இறங்கி வந்தார். வேட்டி மடியில் எதையோ ஏந்திக்கொண்டு வந்து, என் முன்னால் முறத்தில் கொட்டினார். தக்காளி. எல்லாம் நல்ல சிவப்பு, கை நிறைந்த காய்.

"பாரு புள்ள. ஒண்ணுல கூட அழுகல் இல்ல" என்றார். குழந்தை மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

நான் ஒன்றை எடுத்துத் திருப்பினேன். அடி வழவழவென்று இருந்தது. அடுத்ததை எடுத்தேன். அதுவும் வழவழவென்று. முறத்தில் இருந்த கடைசிக் காய்வரை திருப்பிப் பார்த்தேன். ஒன்று கீழே விழுந்து உருண்டது. அவர் அதை எடுக்கக் குனிந்து, நிமிர முடியாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப இருந்துங்க குடிக்கறீங்க?" என்றேன்.

பொய் சொல்லப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

"தாகம் தாங்க முடியல புள்ள" என்றார்.

திட்டவில்லை. முழங்காலை மறந்து எழுந்து போனைத் தேடினேன். டாக்டரம்மா, அவரை ஒரு படிகூட நடக்கவிடாதீர்கள், உடனே கொண்டுவாருங்கள் என்றார். கீழ்வீட்டுக்காரர்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிக் காரில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் படம் எடுத்த நர்ஸ், அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் ஓடினார். அவர் ஓடிய ஓட்டத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊசி போட்டு, மெஷினில் போட உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சாயங்காலம் வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கையில் வெங்காய வாசம் போகவில்லை. மதியம் அண்ணன் வந்தார். வீட்டுக்குப் போய், கீழ்வீட்டில் கேட்டுக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கிறார். சட்டையெல்லாம் வியர்வை. தோளில் அன்றைக்கு இறக்கிய குலை. ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியெல்லாம் அண்ணனை ஏச வேண்டும் என்று நான் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த பேச்சு ஒன்றா இரண்டா. அந்த முகத்தைப் பார்த்ததும் நகர்ந்து பெஞ்சில் அவருக்கு இடம் விட்டேன்.

"நல்ல செவ்வெளநியாப் பாத்து எறக்கிட்டு வந்தனுங்க அம்மணி. ரெண்டு குடிச்சான்னா எந்திரிச்சு உக்காந்துருவான்" என்றார்.

"குடிச்சதுனாலதானுங்க மாமா உள்ள கெடக்கறாரு" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. குலையைத் தோளிலிருந்து இறக்கினார். தரையில் வைக்கவும் முடியாமல், கையிலேயே பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் தவித்தார். நான் வாங்கிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன்.

அப்போது கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்க்க, நான் எழுந்தேன். நினைவோடுதான் இருக்கிறார், குடிக்கத் தண்ணீர் கேட்கிறார், யாரும் எதுவும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணனும் நானும் பெஞ்சுக்கு அடியில் கிடந்த அந்தக் குலையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.