மச்சானுக்கு ஒரு வலைக்கயிறு

போன வருடம் கல்யாண வீட்டுக்குப் போகும் வழியில், எழுபதுகளில் அப்பா வாங்கிய என் காரின் ஃபேன் பெல்ட் அறுந்தது. மனைவியின் அண்ணன்தான் பெல்ட்டுக்குப் பதிலாக மீன்பிடி வலைக்கயிற்றைக் கட்டி ஓடவைத்தார். அதன்பிறகு எந்த விருந்திலும் அந்தக் கதையைச் சொல்லாமல் அவர் கை நனைத்ததில்லை.

இனி கயிற்றுக்கு வேலையே வரக்கூடாதென்று நான் ஃபேனுக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று என்றிருந்த பெல்ட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, எல்லாவற்றையும் சுற்றி ஓடும் ஒரே செர்பென்டைன் பெல்ட்டுக்கு மாற்றினேன்.

இன்று மதியம் மச்சானிடமிருந்து போன்.

"உப்பளத்துப் பக்கம் நிக்கேன் மாப்ள. புது வண்டி, பெல்ட் அறுந்துட்டு. சீக்கிரம் வாரும்."

பழைய காரில்தான் போனேன். டிக்கியைத் திறந்தேன்.

"வலைக்கயிறு இருக்கு மச்சான். கட்டிப் பாப்பமா?"

புது வண்டியில் எல்லாவற்றுக்கும் ஒரே பெல்ட்தான், கயிறு கட்டினால் ஓடாதென்று இருவருக்கும் தெரியும். அதே கயிற்றால் அவர் வண்டியைக் கட்டி இழுத்துவந்தேன், மில்லர்புரத்தில் அவர் மாமனார் வீட்டுத் தெரு வழியாக, ஹாரன் அடித்தபடி.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நான விருந்து. இந்தத் தடவை கதை சொல்லாமல் நான் கை நனைப்பதாக இல்லை. கேட்க யார் யார் வருகிறீர்கள்?