தண்டுக்குப் போட்ட ஊசி

என் கணவருக்குச் சிறுநீரகத்தில் கல். நிறையத் தண்ணீர் குடித்தால் போதும் என்றார் டாக்டர். இவர் அதோடு விடவில்லை. காலையில் வெறும் வயிற்றில் வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கல் கரையும் என்று யாரோ சொல்ல, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைத் தொட்டாலும் ஷிப்டுக்குப் போகிற மாதிரிதான் செய்வார். தண்டை அரிந்து, நாரை விரலில் சுற்றி எடுத்து, மிக்சியில் அடித்து, வடிகட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடிப்பார். எனக்கு அந்தத் துவர்ப்பு ஆகாது. மிக்சியைக் கழுவுவது மட்டும் என் பங்கு.

ஸ்ரீரங்கத்தில் வாழைத்தண்டுக்குப் பஞ்சமில்லை. மேலூர் ரோட்டில் எங்கள் வீட்டு மதில் முடிகிற இடத்தில் வாழைத்தோட்டம் ஆரம்பிக்கும். தோட்டக்காரர் நல்ல மனிதர். இலை, பூ, தண்டு என்று எதை வெட்டினாலும் மதில் மேல் எங்களுக்கு ஒரு பங்கு வைத்துவிடுவார்.

ஆடிக் காற்றில் ஒரு நாள் குலை தள்ளிய மரம் ஒன்று சாய்ந்துவிட்டது. விடிந்ததும் அவர் அதை வெட்டி, மட்டைகளை உரித்துத் தன் பசுவுக்குப் போட்டார். உள்ளே இருந்த தண்டை, "சாருக்குக் குடுங்கக்கா" என்று மதில் மேல் வைத்தார். இவர் வழக்கம் போல அடித்துக் குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் வயிறு பிசைகிறது என்றார். பிறகு வாந்தி. சட்டை பிழியப் பிழிய வியர்வை, வாயில் நிற்காமல் எச்சில். முகத்தைத் துடைக்கக் குனிந்தபோதுதான் கண்ணைப் பார்த்தேன். கருமணி கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்தவள் நான். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி உடம்புக்குள் போனால் இப்படித்தான் ஆகும் என்று எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நரம்பிலிருந்து தசைக்குப் போகிற சேதியை வேலை முடிந்ததும் அழிக்க ஒரு நொதி இருக்கிறது. அந்த மருந்து நொதியை முடக்கிவிடும். காலிங் பெல் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டால் மணி அடித்துக்கொண்டே இருக்குமே, அந்த மாதிரி. எச்சில், வியர்வை, தசைத் துடிப்பு எதுவும் நிற்காது. கடைசியில் மூச்சு நின்றுவிடும். எழுதிப்போட்ட அத்தனையும் நினைவுக்கு வந்தது. அந்த மருந்து என் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பது மட்டும் விளங்கவில்லை.

ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்த வேகத்தில் கேட்டார்:

"என்ன மருந்து குடிச்சாரு?"

"மருந்தெல்லாம் இல்லீங்க. வாழைத்தண்டு ஜூஸ்."

"பாட்டில் இருந்தா கொண்டு வாங்கம்மா. மறைக்காதீங்க. வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

அவர்மேல் குற்றமில்லை. இந்த நிலையில் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் தாங்களே குடித்தவர்கள் என்று நர்ஸ் பிறகு சொன்னார். வயிற்றைக் கழுவினார்கள். அட்ரோபின் ஊசி போட்டார்கள், மறுபடி போட்டார்கள், எச்சில் வற்றுகிற வரைக்கும் போட்டார்கள். அந்த ஊசிக்கு ஆளைப் பிதற்ற வைக்கிற குணம் உண்டு. வாக்குமூலம் வாங்க வந்த போலீஸ்காரர், "என்ன சார் குடிச்சீங்க?" என்று குனிந்து கேட்டார். "இன்னும் டீயே வரலையேப்பா" என்றார் இவர். பிறகு மேலே ஓடுகிற ஃபேனைக் காட்டி, "கிரேனை நிறுத்துங்கடா" என்று கத்தினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

அதற்குள் இவருடைய தம்பி வந்துவிட்டார். என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், "அண்ணி, வீட்டுச் சாவியைக் குடுங்க. பாட்டில் எங்கயாவது இருக்கும், என்ன மருந்துன்னு தெரிஞ்சா நல்லது" என்றார்.

"உங்கண்ணன் அப்படிப்பட்ட ஆளா?"

"ரிட்டயர் ஆனதுலேர்ந்து பேச்சே இல்லையே அண்ணி."

அது நிஜம்தான். மத்தியானம் முழுக்க மதிலைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன். பிழைக்க வேண்டும் என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டே, என்னோடு வாழப் பிடிக்காமல் குடித்தாரா என்று இன்னொரு பக்கம் மனசு அரித்தது.

சாயங்காலம் தோட்டக்காரர் சேறு காயாத காலோடு வார்டு வாசலுக்கு ஓடி வந்தார்.

"அக்கா, சாரு தண்டைச் சாப்பிட்டாரா? மட்டையைத் தின்ன மாடு நுரை தள்ளிக் கிடக்குது. மாட்டு டாக்டர் வந்து என்ன போட்டேன்னு கேட்டப்பதான் எனக்கு உறைச்சுது."

பத்து நாளைக்கு முன்னால் அந்த மரத்தில் பிசின் வடிந்திருக்கிறது. உள்ளே கூன்வண்டு துளைக்கிறது என்று அர்த்தம். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து, ஊசியால் மரத்துக்குள் ஏற்றியிருக்கிறார். தண்ணீரில் முழுசாகக் கரையும், நெடியும் பெரிதாக இருக்காது, சாறோடு சாறாக மரமெங்கும் ஏறும். வண்டைக் கொல்வதற்கு அதனால்தான் அது தோது. குலை தள்ளிய மரத்துக்கு அந்த ஊசி போடவே கூடாது.

"தார் வெட்ட இன்னும் ரெண்டு மாசம் இருக்கேன்னுதாங்க்கா போட்டேன். அதுக்குள்ள வீரியம் போயிடும். தாரைத்தான் நெனச்சேன், தண்டை நெனைக்கவே இல்லை." சொல்லிவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

நான் அவரை விடவில்லை. கையைப் பிடித்து டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, மாட்டுக் கதையை முதலிலிருந்து சொல்ல வைத்தேன். "டாக்டர், அந்த மாட்டுக்கும் வீட்ல பிரச்சனையா?" என்று கேட்டேன். என் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. டாக்டர் கேஸ் ஷீட்டை வாங்கித் திருத்தி எழுதினார்.

பசு மறுநாள் செத்துப்போனது. இவர் பிழைத்துக்கொண்டார். பிதற்றல் நின்று, கண் தெளிந்து, ஒரு வாரம் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

அந்த ஒரு வாரமும் நான் ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததால் வீடு தம்பி போட்டது போட்டபடி இருந்தது. பீரோ திறந்து கிடந்தது. பரண் சாமான்கள் தரையில். இவர் யாரையும் தொட விடாத டூல் பாக்ஸில் இருந்த ஸ்பேனர்கள் கட்டில் மேல் இறைந்து கிடந்தன. இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார்.

"என்ன தேடினீங்க?"

"பாட்டில்" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. "உங்க தம்பி தேடினாரு. சாவி நான்தான் குடுத்தேன்."

கட்டிலில் உட்கார்ந்து ஸ்பேனர்களை அளவு வாரியாகப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தார். கடைசி ஸ்பேனரைப் போட்டு மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சாகணும்னு நெனைக்கிறவன் எவனாவது கல்லு கரையணும்னு தெனமும் ஜூஸ் குடிப்பானா?"