அயர்லாந்துக்காரியின் சொந்தக்காரர்

சென்ற செவ்வாய்க்கிழமை, களத்தில் நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தந்தி வந்தது. எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "ஞானமுத்து காலமானார். நாளை அடக்கம். மனைவி அன்னம்மாள், சாந்தன்பாறை" என்று தமிழில் சொன்னேன். 'மனைவி' என்ற சொல்லை விழுங்கிவிட்டுப் படித்திருக்கலாம். நான்கு வருஷமாக விழுங்கிக்கொண்டிருந்தவள்தானே! அன்றைக்கு முடியவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "சம்சாரமா? அந்த மனுசனுக்கு ஏது சம்சாரம்? அவருதான் பொண்டாட்டிய எழந்தவராச்சே!" என்றார்.

வடகரப்பதியிலும் கொல்லங்கோட்டிலும் ஞானமுத்து அண்ணனை அறிந்த உங்களில் பலரும் இதையேதான் கேட்பீர்கள். உயிரோடு இருந்த மனைவியை இறந்துபோனவள் என்று சொல்லி அவர் எங்கள் வீட்டில் ஒரு குதிரையைக் காப்பாற்றினார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அழுகை வரும்போதே சிரிப்பும் வந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்திரண்டாம் ஆண்டு கோடையில் சாந்தன்பாறைப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டம் ஒன்று கைமாறியது. அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை வேலி தாண்டிக் குதிரை ஓட்டுவதில் பைத்தியம் பிடித்தவர். அவர் ஊர் திரும்பும்போது இரண்டு குதிரைகளை விலைக்கு வைத்தார். ராணுவக் குதிரை வீரர்கள் மூன்று நாள் போட்டிக்குக் குதிரை தேடுகிறார்கள், நல்ல குட்டிகளை வளர்த்தால் வாங்கிக்கொள்வார்கள் என்று எங்கள் வீட்டுக்காரர் கேள்விப்பட்டிருந்தார். முதல் நாள் சொன்ன பேச்சைக் கேட்டு அமைதியாக நடக்க வேண்டும், இரண்டாம் நாள் பள்ளம், சுவர், தண்ணீர் எல்லாம் தாண்டி மைல்கணக்கில் ஓட வேண்டும், மூன்றாம் நாள் ஓய்ந்த காலோடு மறுபடியும் தாண்ட வேண்டும். அதுதான் போட்டி.

லாயத்தில் நின்றவற்றில் ஒன்று பந்தயக் குதிரை வம்சம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதுபோல மினுமினுத்தது. எங்கள் வீட்டுக்காரர் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இன்னொன்று அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்த பெட்டை. பெரிய எலும்பு, நீண்ட முகம், அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. லாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் ஞானமுத்து. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். விற்கிற ஆள் விலை கூடிய குதிரையைத்தான் காட்டுவான். இவரோ பெட்டையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"அந்தக் குதிரை ரெண்டாம் நாளு ஜெயிக்கும். மூணாம் நாளு காலையில எந்திரிச்சு நிக்கணுமே, அதுக்கு இவதான் வேணும்" என்றார். அயர்லாந்தில் குடியானவன் வாரமெல்லாம் ஏர் பூட்டுவான், ஞாயிற்றுக்கிழமை அதே குதிரையை வண்டியில் பூட்டிக் கோயிலுக்குப் போவான், மறுநாள் வேட்டைக்கு அதே குதிரைமேல் ஏறுவான் என்று துரை சொல்லியிருந்தாராம். அந்த உழவுக் குதிரையின் நிதானத்தோடு பந்தய ரத்தத்தின் ஓட்டம் சேர்ந்தால்தான் மூன்று நாளும் தாங்கும் என்பது அவர் கணக்கு.

துரை வம்சாவளிக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். நான் மேலிருந்து படிக்க ஆரம்பித்தேன். தகப்பன், தகப்பனின் தகப்பன், அவன் ஜெயித்த கோப்பைகள். ஞானமுத்து அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மேல்வரிசை வேண்டாம்மா. ஆம்பளை பேரையெல்லாம் பெருசு பெருசா எழுதியிருப்பான். கீழ்வரிசையப் படிங்க. தாயி யாரு, அவ தாயி யாரு?"

கீழ்வரிசையில் கோப்பை ஒன்றும் இல்லை. ஆனால் நான்கு தலைமுறைத் தாய்களும் இருபது வயதுக்கு மேல் வாழ்ந்திருந்தார்கள், கடைசிவரை வேலை செய்திருந்தார்கள். "போதும்மா" என்றார். நாங்கள் பெட்டையை வாங்கினோம், அயர்லாந்துக்காரி என்றே பேர் வைத்தோம். லாயமே காலியான பிறகு அவருக்கு அங்கே என்ன வேலை? அவரையும் கையோடு அழைத்து வந்தோம். இது என் பிடிவாதம்.

எங்கள் ஊர் வடகரப்பதிக்கு வந்த மூன்றாம் நாள் வில்லங்கம் வந்தது. என் மாமனார் மாட்டுச் சுழி பார்ப்பதில் பேர்போனவர். அவர் பார்த்துத் தலையாட்டாமல் அந்தப் பக்கம் ஒரு காளை விலைபோகாது. குதிரையைக் குளிப்பாட்டும்போது முதுகுப் பக்கத்தில் மயிர் சுழித்திருந்ததைப் பார்த்துவிட்டார்.

"இதைய நம்ம கட்டுத்தறியில கட்டப்படாது. பெண்டிழந்தான் சுழி. எவன் பேர்ல இருக்குதோ அவன் பொண்டாட்டிய வாரிக்கிட்டுப் போயிரும்" என்றார்.

நான் சிரித்தேன். எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்து, நானும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பிழைப்பேனா என்று கிடந்தேன். பதினோரு நாள் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர் அவர். "நாளைக்கே வித்துப்போடலாம். எனக்குக் குதிரையும் வேண்டாம், குட்டியும் வேண்டாம்" என்றார். அதைக் கேட்டபின் எனக்கும் வாதாட மனம் வரவில்லை.

மாட்டுக்கு எழுதிய சுழியைக் குதிரைக்கு எப்படிப் பார்ப்பது என்று ஞானமுத்து அண்ணன் கேட்டிருக்கலாம். கிறிஸ்தவர், இதில் நம்பிக்கை இல்லாதவர், கேலி செய்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மாமனார் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, குதிரைய என் பேருக்கு எழுதிருங்க. இங்கனயே நிக்கட்டும், நானே பாத்துக்கிடுதேன். நான் ஏற்கெனவே பொண்டாட்டியப் பறிகொடுத்தவன். எங்கிட்ட எடுக்கதுக்கு அதுக்கு ஒண்ணுமில்ல."

மாமனாரின் கண் கலங்கிவிட்டது. அன்றே காகிதம் எழுதினோம். பிறகொரு நாள் நான் தனியாக இருக்கும்போது, "ஏனுங்ணா, அது மாட்டுச் சுழிதானுங்களே?" என்று கேட்டேன். "பயந்தவுககிட்ட நியாயம் பேசக்கூடாதும்மா. பயம் போக வழி பண்ணணும்" என்றார்.

பெட்டைக்கு ஏற்ற பந்தய ரத்தம் தேடி மூன்று பொலிக்குதிரைகளைப் பார்க்கப் போனோம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மணி நேரம் சும்மா நின்றார். நிறையப் பந்தயம் ஜெயித்தது ஒன்று அவரைக் கண்டதும் சுவரை உதைத்தது. கடைசியில் நின்ற குதிரை வந்து முகர்ந்துபார்த்துவிட்டுத் தீனி தின்னப் போய்விட்டது. "தோத்த அன்னைக்கும் இது ஒழுங்காத் தின்னுச்சா?" என்று அங்கிருந்த ஆளிடம் கேட்டார். தின்றதாம். அதையே தேர்ந்தெடுத்தார். அடுத்த வருஷம் பிறந்த குட்டிதான் செவலை.

மாதம் ஒருமுறை மலைக்குப் போய்வருவார். தங்கச்சி இருக்கிறாள் என்பார். மனைவி இல்லாத மனிதருக்குத் தங்கையாவது இருக்கிறாளே என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் ஒரு சேலை எடுத்துக் கொடுப்பேன். தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொள்வார். அது துக்கம் என்று நினைத்தேன். திருட்டுமுழி என்பது பின்னால்தான் தெரிந்தது.

எழுபத்தைந்தில் ஒருமுறை போனவர் காய்ச்சலில் படுத்துவிட்டார், பத்து நாளாகியும் வரவில்லை. எங்கள் வீட்டுக்காரர் அறுவடையில் மாட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் நானே உடுமலை, மூணாறு வழியாக பஸ் மாறி மாறிப் போனேன். தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் ஞானமுத்து வீடு எது என்று விசாரித்துக் கதவைத் தட்டினேன். திறந்த பெண் கட்டியிருந்தது, நான் முந்தைய வருஷம் எடுத்துக்கொடுத்த நீலக்கரைச் சேலை.

"நீங்க அண்ணனோட தங்கச்சிங்களா?" என்றேன்.

"தங்கச்சி இல்ல தாயி. நான்தான் அந்தச் செத்துப்போன பொண்டாட்டி. உள்ள வாங்க, காப்பி போடுதேன்" என்றார் அன்னம்மாள்.

உள்ளே கட்டிலில் ஞானமுத்து அண்ணன் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். காய்ச்சலைவிட வெட்கம்தான் அதிகம். எனக்குக் கோபம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அவர்மேல் என்பதைவிட எங்கள்மேல். எங்கள் பயத்துக்காக இந்தப் பெண் மூன்று வருஷமாக எங்கள் ஊர்ப் பக்கமே வர முடியாமல் இருந்திருக்கிறாள். "உங்களுக்கு வருத்தமில்லீங்களா?" என்று கேட்டேன். "மொதல்ல இருந்துச்சு. பெறகு சேலை வந்துச்சு" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, "ஆனா செவலைக்குட்டியப் பாக்கத்தான் ஆசையா கெடந்துச்சு" என்றார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஞானமுத்து அண்ணனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வீட்டில் நான் சொல்லவில்லை. அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். எங்கள் வீட்டுக்காரர் என் நிழலைக்கூடத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார், சாந்தன்பாறைக்குப் போனதற்கே ஒரு வாரம் சண்டை போட்டார். இப்போது போய் உண்மையைச் சொன்னால் அயர்லாந்துக்காரி அன்றே வெளியே போயிருப்பாள். மகள் நல்லபடியாகப் பிறந்தாள். மாமனார் பேத்தியைப் பார்த்துவிட்டு, "காயிதத்தை மாத்தி எழுதுனது நல்லதாப் போச்சு" என்றார். நானும் தலையாட்டினேன்.

செவலையை ராணுவக்காரர்கள் வாங்கிப் பழக்கினார்கள். சென்ற ஆண்டு பெங்களூரில் அவனுக்கு முதல் பெரிய போட்டி, எங்கள் வீட்டுக்காரர், நான், ஞானமுத்து அண்ணன் மூவரும் போனோம். மூன்றாம் நாள் காலையில் எல்லாக் குதிரைகளையும் டாக்டர் முன்னால் ஓடவிட்டுக் கால் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நொண்டினால் வெளியே. மினுமினுத்த குதிரைகளில் நான்கு நொண்டின. செவலை காதை ஆட்டிக்கொண்டு நேராக ஓடி வந்தான். ஞானமுத்து அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு, "பாத்தாச்சு, வாங்கம்மா டீ குடிப்போம்" என்று திரும்பிவிட்டார். பரிசு வாங்கியவன் யார் என்று கடைசிவரை அவர் கேட்கவே இல்லை. செவலை ஆறாவதாக வந்தான்.

தந்தி வந்த அன்றே கிளம்பினோம். பஸ்ஸில் எங்கள் வீட்டுக்காரர், "உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். அடக்கம் முடிந்ததும் நேராக அன்னம்மாளிடம் போனார். "அக்கா, அவரைப் பொய் சொல்ல வெச்சது நானுங்க. உங்களை உசுரோட சாகடிச்சுப்போட்டேன்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது ஆஸ்பத்திரியில் ஒருமுறை, அங்கே ஒருமுறை.

அன்னம்மாள் உள்ளே போய் பிஸ்கட் டப்பாவிலிருந்து குதிரையின் காகிதத்தை எடுத்து வந்தார். "அவுக போனப்புறம் இது எனக்கு வருமாம். நான் குதிரைய வச்சு என்ன பண்ண? நீங்களே எழுதி வாங்கிக்கோங்க தம்பி" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் கையை நீட்டினார். பாதியில் கை நின்றுவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் அவர் கண் என் பக்கம் வந்தது. ஏழு வருஷமாகச் செத்தவளாக இருந்த மனைவி எதிரே நிற்கிறாள், ஆனாலும் பயம் போகவில்லை. அன்னம்மாள் அதைப் பார்த்துவிட்டார். புருஷனைப் புதைத்த மண் கையில் காயாத நேரத்தில் அந்தப் பெண் சிரித்தார்.

"உங்க பேருக்கு வேண்டாம் தம்பி. இந்தம்மா பேருக்கு எழுதுங்க. இவுகளுக்குத்தான் பறிகொடுக்கதுக்குப் பொண்டாட்டி கெடையாதே!"

ஏழு வருஷமாக இது ஒருவருக்கும் தோன்றவில்லை. சுழி பார்த்த மாமனாருக்கு, பயந்த என் கணவருக்கு, ஆங்கிலம் படித்த எனக்கு. தாயைப் படிங்க என்று சொல்லிக்கொடுத்த ஞானமுத்து அண்ணனுக்குமே தோன்றவில்லை. இதைக் கேட்டிருந்தால் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருப்பார்.

காகிதம் இப்போது என் பேரில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், எந்த வம்சாவளியையும் கீழிருந்து படிக்கும் பழக்கமும்தான். அயர்லாந்துக்காரி மறுபடியும் சினையாக இருக்கிறாள். குட்டி பிறந்ததும் பார்க்க அன்னம்மாள் எங்கள் வீட்டுக்கு வருகிறார். குட்டியின் காகிதத்தில் வளர்த்தவர்கள் என்ற இடத்தில் ஞானமுத்து அண்ணன், அன்னம்மாள் இருவர் பெயரையும் எழுதப் போகிறேன், அன்னம்மாள் பெயரை முதலில்.