தலைக்கு வைத்த துண்டு

நாங்கள் கேரளாவில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறோம். ஒருநாள் என் வீட்டுக்காரர் செடிக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்து, வாயில் நுரை தள்ளி விழுந்தார். ஆஸ்பத்திரியில் உடம்பைக் கழுவி ஊசி போட்டதும் தெளிந்தார். மறுநாள் மறுபடியும் வியர்த்து மூச்சு இழுத்தது. டாக்டருக்கே காரணம் பிடிபடவில்லை.

நர்ஸ் அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"சேச்சி, இதென்ன துண்டு? மருந்து நாறுதே."

"அவரு தலையில கட்டுறதும்மா. அது இல்லாம தூங்க மாட்டாரு."

மருந்தடிக்கும்போதும் அதைத்தான் கட்டியிருந்தார். நான்தான் மடித்துத் தலைக்கு வைத்தேன்.

"விஷத்தத் தலைக்கு வச்சா ஊசி என்ன செய்யும்?" என்றார் நர்ஸ்.

துண்டை எடுத்துவிட்டுத் தலையைத் திரும்பக் கழுவினார்கள். மூன்றாம் நாள் மூச்சு சீரானது.

இப்போது மருந்தடித்து வந்தால், எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்ற வைக்கிறேன். "டவுசரையாவது விட்டு வையிடி" என்பார். விடுவதில்லை.