குண்டளை ஏரியில் அரை மணி நேரம்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறினோம், நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் நாங்கள் இருவராக வெளியூர் கிளம்பியது இதுதான் முதல் தடவை. அவர் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்தால் கல்யாணம், காதுகுத்து, சொந்தக்காரர் வீட்டு விருந்து என்று நாட்கள் பறந்துவிடும். எனக்கு மிஞ்சுவது அவருடைய அழுக்குத் துணிதான்.

அதனால் இந்தத் தடவை அவர் வருவதற்கு முன்பே திட்டம் போட ஆரம்பித்தேன். தென்னந்தோப்பில் தண்ணீர் கட்டிக்கொண்டே போனில் மூணாறு ஏரிகளை எல்லாம் பார்த்து முடித்தேன். மாட்டுப்பட்டி பெரிய ஏரிதான். ஆனால் கூட்டம் அதிகம், வேகப் படகில் போனால் ஓட்டுகிறவர் கூடவே உட்கார்ந்திருப்பார். குண்டளையில் மிதிபடகு உண்டு, இருவர் மட்டும் போகலாம். எனக்கு வேண்டியது அதுதான். வீட்டில் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள், போதாததற்குப் பண்ணையத்துக்கு வந்து போகிறவர்கள். நானோ அவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. இனிமேல் போகாதீர்கள், இங்கேயே எங்களோடு இருந்துவிடுங்கள். இதைக் கேட்க, வேறு யார் காதும் இல்லாத இடம் தண்ணீருக்கு நடுவில்தான் என்று முடிவு செய்திருந்தேன்.

வயதுக்கு வந்த மகளை வைத்துக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் ஏரி பார்க்கப் போகிறோம் என்று எங்கள் வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். நல்லவேளையாக ஒரு பார்சல் கைகொடுத்தது. வளைகுடாவிலிருந்து யார் ஊருக்குக் கிளம்பினாலும் ரூமில் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு பார்சல் கட்டிக் கொடுப்பார்கள். அதை வீட்டில் சேர்ப்பது வந்தவர் பொறுப்பு. வாளையார், சித்தூர்க்காரர்களின் வீட்டு ஆட்கள் வந்து வாங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது அருள்தாஸ் என்பவருடையது. அவர் வீடு குண்டளைக்குப் பக்கத்து எஸ்டேட்டில். பஸ்ஸில் கொடுத்தனுப்பலாம் என்றார் இவர். விடுவேனா?

“அடுத்தவங்க பொருளுங்க. நேர்ல போய்க் குடுக்கறதுதானுங்க மரியாதை” என்று மாமியார் காதில் விழும்படி நியாயம் பேசினேன். மாமியாரும் தலையாட்டிவிட்டார்.

பொள்ளாச்சியில் இட்லி சாப்பிட்டுவிட்டு உடுமலை போய் மூணாறு பஸ் பிடித்தோம். அங்கிருந்து ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர். பார்சலைப் பார்த்த கண்டக்டர், “என்னங்க, சீர் கொண்டு போறீங்களா?” என்று கேட்டார்.

“கூட்டாளி ஊட்டுக்குங்க” என்றார் இவர்.

சின்னாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் காடு. ஜன்னலோர சீட்டில் நான். மறையூரில் கரும்புப்பாகு வாசனை வந்தபோது அவரிடம் காட்டத் திரும்பினால், மனுஷர் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. இந்தத் தோளுக்கு அந்தப் பாரம் வந்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது! பஸ் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகக் கூடாதா என்று இருந்தது. டிரைவர் என் மனசு தெரியாமல் வளைவுகளில் பறந்தார்.

மதியத்துக்கு மேல் மூணாறு. ரூம் வாடகை ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு, வெந்நீர் வாளியில் கொண்டுவந்து கொடுத்தார்கள். பஜாரில் சுற்றினோம், டீ குடித்தோம். கேட்டுவிடலாமா என்று இரண்டு தடவை வாய்வரை வந்தது. நாளைக்குப் படகில் கேட்டுக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஜீப். குண்டளைக்கு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். “ஏரிக்கு விடவா, லயத்துக்கு விடவாக்கா?” என்றார் ஜீப் டிரைவர். எஸ்டேட்டில் தொழிலாளிகளின் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். முதலில் சுமையை இறக்கிவிட்டு நிம்மதியாகப் படகு ஏறலாம் என்று நினைத்து, லயத்துக்கே போகச் சொன்னேன்.

ஞாயிறு என்பதால் கொழுந்து பறிக்கிற வேலை இல்லை. அருள்தாஸின் மனைவி ஜெபா, கோயிலுக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு வாசலில் காத்து நின்றார். பார்சலை வாங்கிக் கட்டிலில் வைத்தவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் என் வீட்டுக்காரர் மேல்தான். அருள்தாஸ் ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இவரோ அவரைத் தினமும் பார்க்கிறவர்.

“அவுக மெலிஞ்சிட்டாகளா அண்ணே? வீடியோவுல மொகம் மட்டுந்தான தெரியுது.”

“சட்டை கொஞ்சம் லூசாயிருக்குதுங்க. வேற ஒண்ணுமில்லீங்க.”

“ராத்திரி இருமுதாகளா?”

“இப்பக் கொறஞ்சிருக்குது. நாந்தான் சுடுதண்ணி வெச்சுக் குடுப்பேனுங்க.”

என் புருஷன் ராத்திரி எழுந்து இன்னொருவருக்கு வெந்நீர் வைப்பார் என்பது எனக்குத் தெரியாது. இவருக்கு இருமல் வந்தால் யார் வைப்பார்கள் என்பதும் தெரியாது. அதெல்லாம் அருள்தாஸுக்குத் தெரிந்திருக்கும்.

ஜெபா டீயை நீட்டியபடி என்னிடம் சிரித்தார். “அண்ணன் கம்பெனியில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சுன்னு எங்க வீட்டுக்காரவுக சொன்ன பொறவுதான்க்கா எனக்கு உசுரு வந்துச்சு. அங்கன தனியாக் கெடக்க மாட்டாகல்ல?”

என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். ஜெபா மீது கோபப்பட முடியுமா? அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். “ஆமாங்க, துணைக்கு ஆள் வேணுமுங்கல்ல” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

ஜெபாவிடம் விடைபெற்று ஏரிக்கு வந்தோம். பன்னிரண்டு மணிக்கு மிதிபடகு கிடைத்தது, அரை மணி நேரத்துக்கு. நடு ஏரிக்குப் போனதும் அவரே ஆரம்பித்தார்.

“இங்க வெச்சுச் சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன் புள்ள.”

“நானும் இங்க வெச்சுத்தானுங்க கேக்கலாம்னு இருந்தேன். போகாதீங்க.”

அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார். “இத்தன வருசத்துல ஒருக்காக்கூட நீ இதச் சொல்லலியே. எப்பப் போன் பண்ணுனாலும், ‘இங்க ஒண்ணும் பிரச்சனையில்லீங்க, நீங்க தைரியமா இருங்க’ம்பே. நானில்லாமயே ஊடு நல்லாத்தான் நடக்குதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.”

போன் வரும்போது பக்கத்தில் மாமியார் இருப்பார், பிள்ளைகள் இருப்பார்கள். அப்புறம் நான் வேறு என்ன சொல்வேன்?

“மாத்த முடியாதுங்களா?”

“முடியாது புள்ள. கேட்டிருந்தீன்னா போட்டிருக்க மாட்டேன்.”

நான் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கரையிலிருந்து நேரம் முடிந்துவிட்டது என்று விசில் அடித்தார்கள். மறுபடியும் மிதித்துக் கரைக்கு வந்தோம்.

மறுநாள் வந்த வழியே ஊர் திரும்பினோம். அடுத்த மாதம் அவர் விமானம் ஏறிவிட்டார். ஏரி எப்படி இருந்தது என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். தண்ணீர் என்ன நிறம் என்றுகூட எனக்கு நினைவில்லை. குண்டளைக்குப் போகத் திட்டம் போடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். படகு அரை மணி நேரம்தான். கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால், யார் காதில் வேண்டுமானாலும் விழட்டும் என்று, வீட்டிலேயே உரக்கக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.